'அன்இன்ஸ்டால்' பண்ணியும் டிரைவர் போகலையா? எடை மேடை முதல் ஏஜென்ட் ஆபீஸ் வரை... கம்ப்யூட்டர் டிரைவரை முழுசா நீக்குவது எப்படி?

வடசென்னையில் 'டிரைவர்' என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கன்டெய்னர் லாரி டிரைவர்தான். ஆனால் அந்த லாரி எடை மேடையில் ஏறி நிற்கும்போது, பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு டிரைவரும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அது மக்கர் பண்ணினால், மேடை நன்றாக இருந்தாலும் எடைச் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் லாரி நகராது.

அந்த நேரத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடு." போட்டாலும் பல நேரங்களில் அதே பிரச்சினை திரும்ப வந்து நிற்கும். காரணம், 'அன்இன்ஸ்டால்' பட்டனை அழுத்தினாலே டிரைவர் கம்ப்யூட்டரை விட்டுப் போய்விடுவதில்லை.

டிரைவர் என்றால் என்ன, எப்போது நீக்க வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

டிரைவர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கிறது. வெளியே பிரிண்டர், கீபோர்டு, எடை மேடை கேபிள், கைரேகைக் கருவி எனப் பல சாதனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாதனத்தின் பாஷையும் வேறு. அவற்றுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் சின்ன மென்பொருள்தான் டிவைஸ் டிரைவர்.

சாதாரண ஆப் கெட்டுப்போனால் அந்த ஆப் மட்டும் நிற்கும். டிரைவர் அப்படியில்லை. பல டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான 'கெர்னல்' வரை சென்று வேலை செய்பவை. அதில் கோளாறு வந்தால் மொத்த கம்ப்யூட்டரும் நீலத் திரையோடு நின்றுபோகலாம். அதனால்தான் டிரைவரைப் போடுவதிலும் கவனம் வேண்டும், எடுப்பதிலும் கவனம் வேண்டும்.

எடை மேடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என மூன்றும் இந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கின்றன. மணலி, மாதவரம், பொன்னேரி நெடுஞ்சாலை, சாத்தாங்காடு இரும்புச் சந்தை என எங்கு பார்த்தாலும் லோடு லாரிகள்தான்.

ஏற்றுமதி கன்டெய்னருக்கு எடை என்பது வெறும் கணக்கு அல்ல. கடல் பாதுகாப்புக்கான 'சோலாஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின்படி, 2016 ஜூலை 1 முதல் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. இதைத்தான் துறைமுக வட்டாரத்தில் 'விஜிஎம்' என்கிறார்கள். சரக்கு அடைத்து மூடிய கன்டெய்னரை அப்படியே எடை போடலாம். அல்லது உள்ளே உள்ள சரக்கு, பேக்கிங் எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு, காலி கன்டெய்னரின் எடையோடு கூட்டலாம். முதல் முறைக்கு எடை மேடை வேண்டும்.

மேடைக்கு அடியில் இருப்பவை 'லோடு செல்' எனப்படும் உணரிகள். அவை கொடுக்கும் சிக்னலைப் படித்து எடையை எண்ணாகக் காட்டுவது இண்டிகேட்டர். அங்கிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்தப் பழைய சீரியல் போர்ட் கிடையாது. எனவே நடுவில் ஒரு 'யூஎஸ்பி டூ சீரியல்' கன்வெர்ட்டர் கேபிள் மாட்டுகிறார்கள். அந்தக் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு ஒரு டிரைவர் வேண்டும். சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் சின்ன ஆபீஸ்களும் கடைகளும் விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பெட்டி புதுசு. ஆனால் அதில் மாட்டும் பிரிண்டரும் கேபிளும் பழசு. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய 32 பிட் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இருந்து பென் டிரைவில் எடுத்து வந்த 32 பிட் டிரைவர் இதில் வேலை செய்யாது.

டிரைவர்தான் பிரச்சினையா? முதலில் இதைப் பாருங்கள்

எடை மேடை அறையில் கம்ப்யூட்டர் திரையில் எடை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே டிரைவரை நீக்கப் போக வேண்டாம். முதலில் இண்டிகேட்டரைப் பாருங்கள்.

இண்டிகேட்டரிலும் எடை சரியாக வரவில்லை என்றால் கோளாறு மேடைப் பக்கம். டிரைவரை நூறு முறை நீக்கினாலும் பயன் இல்லை. சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். இண்டிகேட்டரில் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்கும். அதை நீங்களாகவே பிரிக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

இண்டிகேட்டரில் எடை வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் கேபிள், டிரைவர், போர்ட் எண் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் டிவைஸ் மேனேஜருக்குப் போகலாம்.

ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதைத் திறந்தால் கம்ப்யூட்டரோடு இணைந்த எல்லாச் சாதனமும் வரிசையாகத் தெரியும். எதன் மீது மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருக்கிறதோ, அதுதான் பிரச்சினைக்காரர்.

அன்இன்ஸ்டால் பண்ணியும் ஏன் திரும்ப வருது?

இதுதான் முக்கியமான விஷயம். விண்டோஸில் டிரைவர் இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சாதனத்தோடு கட்டப்பட்ட இணைப்பு. 'இந்தக் கேபிளுக்கு இந்த டிரைவர்' என்ற பதிவு. இன்னொன்று, டிரைவரின் மூலப் பிரதி. இதை விண்டோஸ் 'டிரைவர் ஸ்டோர்' என்ற தன் சொந்தக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்கும்.

சாதாரணமாக அன்இன்ஸ்டால் கொடுத்தால் முதலாவது மட்டுமே போகும். கிடங்கில் உள்ள சரக்கு அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸ் சாதனத்தைப் பார்க்கும், கிடங்கில் தேடும், அதே டிரைவரை எடுத்து மறுபடி மாட்டிவிடும். கெட்டுப்போன டிரைவராக இருந்தாலும் அதையேதான் மாட்டும்.

கிடங்கைக் காலி செய்தாலும் இன்னொரு வழி இருக்கிறது. இணையம் இருந்தால் விண்டோஸ் அப்டேட் வழியாகவும் டிரைவர் தானாக வந்து இறங்கலாம். ஆக, ஒரு டிரைவர் உண்மையிலேயே போக வேண்டுமானால் இணைப்பு, கிடங்கு, அப்டேட் ஆகிய மூன்று வாசலையும் அடைக்க வேண்டும்.

நீக்கும் முன் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

1. மாற்று டிரைவர் கையில் இருக்கிறதா? புதிதாகப் போடப்போகும் டிரைவரைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து முன்பே இறக்கி பென் டிரைவில் வையுங்கள். நீக்கிய பிறகு தேடலாம் என்று நினைக்க வேண்டாம். முக்கியமாக வைஃபை அல்லது லேன் டிரைவரை நீக்கினால் இணையமே போய்விடும், அப்புறம் தேடவும் முடியாது.

2. போட்டோ எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மீது டபுள் கிளிக் செய்து 'டிரைவர்' பகுதிக்குப் போனால் நிறுவனம், தேதி, வெர்ஷன் மூன்றும் தெரியும். மொபைலில் ஒரு போட்டோ. எடை மென்பொருளின் செட்டிங்கில் உள்ள 'காம்' போர்ட் எண், 'பாட் ரேட்' இரண்டுக்கும் ஒரு போட்டோ.

3. ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறக்கலாம். 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' ஆஃப் ஆகி இருந்தால் ஆன் செய்துவிட்டு ஒரு பாயின்ட் உருவாக்குங்கள். தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி.

4. பழைய டிரைவருக்கு ஒரு நகல். விண்டோஸிலேயே 'பிஎன்பியூட்டில்' என்ற கருவி இருக்கிறது. வெளி நிறுவன டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம். கட்டளை தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரிடம் "டிரைவரை எக்ஸ்போர்ட் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

5. நேரம் பாருங்கள். வெளியே பத்து லாரி வரிசையில் நிற்கும்போது இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

முழுசா நீக்குவது எப்படி?

* முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். லேன் வயரைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்துவிடாமல் இருக்கத்தான் இது.

* டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மீது வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள்.

* இப்போது வரும் சின்னப் பெட்டியை அவசரத்தில் ஓகே கொடுத்து மூடிவிடாதீர்கள். அதில் ஒரு டிக் கட்டம் இருக்கும். விண்டோஸ் 10-ல் 'டெலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர் ஃபார் திஸ் டிவைஸ்' என்றும், புதிய விண்டோஸ் 11-ல் 'அட்டெம்ப்ட் டு ரிமூவ் தி டிரைவர் ஃபார் திஸ் டிவைஸ்' என்றும் இருக்கும். அதில் டிக் செய்தால்தான் கிடங்கில் இருக்கும் பிரதியும் போகும்.

* ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். அதே நிறுவனத்தின் வேறொரு வெர்ஷன் வந்து உட்கார்ந்திருந்தால், கிடங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் விரும்பாத வெர்ஷன் மறையும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

* பென் டிரைவில் வைத்திருக்கும் சரியான டிரைவரைப் போடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே இணையத்தை இணையுங்கள்.

* அப்டேட் வழியாக மறுபடி வராமல் இருக்க, ஸ்டார்ட் மெனுவில் 'சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி 'நோ' என மாற்றலாம். ஆனால் இது எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தும். எனவே தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

டிக் கட்டமே வரவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் விண்டோஸோடு சேர்ந்தே வந்த டிரைவர். அதை நீக்க முடியாது, நீக்கவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் 'டிரைவர் ஸ்டோர்' ஃபோல்டரையோ உள்ளே உள்ள ஃபைல்களையோ கையால் டெலீட் செய்யாதீர்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும், சரக்கு இருக்காது. அதன் பிறகு எந்தச் சாதனம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எடை மேடை கேபிள்: 'பேஸ்டு அவுட்' என்று வருகிறதா?

யூஎஸ்பி டூ சீரியல் கேபிள்களில் அதிகம் காணப்படும் சிப்களில் ஒன்று, தைவானைச் சேர்ந்த புரோலிஃபிக் நிறுவனத்தின் 'பிஎல்2303'. இதன் பழைய வகைச் சிப்கள் 2012-லேயே கைவிடப்பட்டவை. சந்தையில் போலிச் சிப்களும் புழங்குகின்றன. நிறுவனத்தின் புதிய டிரைவர் இந்த இரண்டையும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-ல் 'கோட் 10' என்ற பிழை வரும். விண்டோஸ் 11-ல் இந்தச் சிப் 2012 முதல் 'பேஸ்டு அவுட்', விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற வாசகமே சாதனத்தின் பெயராக வந்து நிற்கும்.

இதில் கேபிள் கெட்டுப்போகவில்லை. டிரைவர்தான் அதைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. புதிய டிரைவரை மேலே சொன்ன முறையில் நீக்கிவிட்டு, அந்தச் சிப்பை ஏற்கும் பழைய டிரைவரைப் போட்டால் பல நேரங்களில் கேபிள் உயிர்பெறும். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மீ பிக்' என்று போனால் எந்த வெர்ஷன் வேண்டும் என நாமே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் இதே தலைவலி திரும்பலாம். ராத்திரி இரண்டு மணிக்குச் சீட்டு அடிக்க வேண்டிய இடத்தில் இந்த ரிஸ்க் தேவையா? இப்போதைக்குப் பழைய டிரைவரில் ஓட்டிவிட்டு, நல்ல சிப் உள்ள புதிய கேபிள் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு.

டிரைவர் சரியாகிவிட்டது, ஆனாலும் எடை வரவில்லையா? காம் போர்ட் எண்ணைப் பாருங்கள். கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் மாட்டினாலோ புதுக் கேபிள் போட்டாலோ, விண்டோஸ் அதற்குப் புது எண் கொடுத்துவிடும். எடை மென்பொருள் பழைய 'காம் 3'-லேயே காத்திருக்கும், எடை 'காம் 5'-ல் வந்துகொண்டிருக்கும்.

டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுத்தால், இப்போது மாட்டாத பழைய போர்ட்டுகள் மங்கலாகத் தெரியும். அந்தப் பழைய கேபிளுக்குரிய மங்கலான பதிவை அன்இன்ஸ்டால் செய்து எண்ணை விடுவிக்கலாம். பிறகு புதுக் கேபிளின் 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் பழைய எண்ணையே கொடுத்துவிடலாம். நீங்கள் முன்பே எடுத்து வைத்த போட்டோ இங்கேதான் உதவும்.

பிரிண்டர்: செட்டிங்ஸில் நீக்கினால் போதாதா?

போதாது. எடைச் சீட்டு, லாரி ரசீது, கேட் பாஸ் எனக் கார்பன் காப்பி வேண்டிய இடங்களில் இன்றும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். ஊசி தட்டி அடிப்பதால்தான் அடியில் உள்ள தாள்களிலும் எழுத்து விழுகிறது. எனவே பழைய பிரிண்டரைத் தூக்கிப் போட யாரும் தயாரில்லை, டிரைவர் சிக்கலும் தீர்ந்தபாடில்லை.

செட்டிங்ஸில் 'ரிமூவ்' கொடுத்தால் பிரிண்டரின் பெயர் மட்டும் போகும். டிரைவர் உள்ளேயே இருக்கும். அதை எடுக்க, 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் கீழே உள்ள 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டிரைவர்ஸ்' பகுதியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்' கொடுங்கள். 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' என்ற இரண்டாவது வாய்ப்பைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

'டிரைவர் இஸ் இன் யூஸ்' என்று அடம்பிடித்தால், வரிசையில் நிற்கும் பிரிண்ட் வேலைகளை முதலில் ரத்து செய்யுங்கள். பிறகு 'சர்வீசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' மீது 'ரீஸ்டார்ட்' கொடுத்துவிட்டு உடனே மறுபடி முயலுங்கள்.

வெளி நிறுவன பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023-லேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. அதற்காகப் பழைய பிரிண்டர்கள் நாளையே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் "விண்டோஸே தானா எடுத்துக்கும்" என்று இனி அலட்சியமாக இருக்க முடியாது. உங்கள் பிரிண்டருக்கான டிரைவர் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்: இதில் மட்டும் ரொம்பக் கவனம்

தம்பு செட்டித் தெரு, மண்ணடி, ராயபுரம் பக்கம் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்களில் எடை மேடை இருக்காது. அங்கே உயிர்நாடி, பென் டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' தளத்தில் ஆவணங்களில் மின்னணுக் கையெழுத்து போட இது வேண்டும்.

இறக்குமதிச் சரக்குக்கான 'பில் ஆஃப் என்ட்ரி'யை, சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருப்பதாக அதிகாரி ஏற்றால் மட்டுமே விலக்கு. எனவே டோக்கன் தெரியவில்லை என்றதும் ஆபீஸே பதறிவிடும்.

டோக்கனுக்கு டிரைவர் மட்டுமல்ல, கூடவே ஒரு மேலாண்மை மென்பொருளும் இருக்கும். அதனால் இதை டிவைஸ் மேனேஜரில் நீக்குவதைவிட, டோக்கனைக் கழற்றிவிட்டு, 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாக அந்த மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்வதுதான் சரி. இரண்டு மூன்று நிறுவன டோக்கன் மென்பொருள்கள் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதும் உண்டு. பயன்படுத்தாததை எடுத்துவிடுங்கள்.

டிரைவரை நீக்கினால் கையெழுத்துச் சான்றிதழும் அழிந்துவிடுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அழியாது. சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் டோக்கனுக்குள்தான் இருக்கின்றன, கம்ப்யூட்டரில் இல்லை.

ஆனால் டோக்கன் மென்பொருளில் 'இனிஷியலைஸ்' அல்லது 'ஃபார்மட்' என்று ஒரு வசதி இருக்கும். டிரைவர் பிரச்சினைக்கு அதுதான் மருந்து என்று நினைத்து அழுத்தினால் கதை முடிந்தது. சான்றிதழ் போய்விடும். சாவியை வேறெங்கும் நகல் எடுத்து வைக்க முடியாது என்பதால் புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும். பின் நம்பரைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தாலும் டோக்கன் லாக் ஆகிவிடும்.

கை வைக்கவே கூடாத டிரைவர்கள்

டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்', 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்', 'ப்ராசஸர்ஸ்' என்று இருக்கும் பகுதிகளைத் தொட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் போனால் விண்டோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 'யூஎஸ்பி கன்ட்ரோலர்ஸ்' பகுதியில் உள்ளவற்றை மொத்தமாக நீக்கினால், அதில் மாட்டிய கீபோர்டும் மவுஸும் அங்கேயே நின்றுவிடும். அடுத்த கிளிக் செய்யக்கூட வழி இருக்காது.

தவறுதலாக வைஃபை, லேன் டிரைவர் போய்விட்டால்? ஆண்ட்ராய்டு மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே கம்ப்யூட்டருக்கு இணையம் கிடைத்துவிடும்.

உலகமே நின்ற நாள்

டிரைவர் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் டிரைவர் படிக்கும் ஒரு ஃபைல், தவறான உள்ளடக்கத்தோடு அப்டேட்டில் வந்தது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் சேவை தடுமாறியது, போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த காட்சிகள் வைரலாயின.

அதற்கான தீர்வு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை 'சேஃப் மோடு'க்குக் கொண்டுபோய் அந்த ஒரு ஃபைலை நீக்குவது. அவ்வளவுதான். ஆனால் விண்டோஸே எழாத நிலையில், பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்தது.

2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. தங்கள் சிப்பைப் போலச் செய்யப்பட்ட போலிச் சிப்களின் அடையாள எண்ணையே அது பூஜ்ஜியமாக்கிவிட, கேபிள்கள் செயலிழந்தன. விற்றவர் போலியைக் கொடுத்ததற்கு வாங்கியவர் தண்டனை அனுபவிப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

சில நேரம் மைக்ரோசாஃப்டே டிரைவரை நீக்கும். 2025 அக்டோபர் அப்டேட்டில், விண்டோஸோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த பழைய 'அஜெர்' மோடம் டிரைவரைப் பாதுகாப்பு ஓட்டை காரணமாக எடுத்துவிட்டது. அதை நம்பியிருந்த ஃபேக்ஸ் மோடம்கள் நின்றுபோயின.

'டிரைவர் அப்டேட்டர்' விளம்பரங்களை நம்பலாமா?

"உங்கள் கம்ப்யூட்டரில் 27 டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று மிரட்டும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் ஏராளம். தேவையில்லை. நன்றாக ஓடும் டிரைவரை, பழசு என்பதற்காகவே மாற்ற வேண்டியதில்லை. டிரைவரைச் சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தோ விண்டோஸ் அப்டேட்டில் இருந்தோ மட்டும் எடுங்கள்.

இணையத்தில் தேடியதும் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு போன் செய்து, முன்பின் தெரியாதவருக்கு ரிமோட் ஆக்சஸ் கொடுப்பதும் ஆபத்து. பேங்க் கணக்கு, கையெழுத்து டோக்கன் இரண்டும் இருக்கும் கம்ப்யூட்டர் அது. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்...

* அன்இன்ஸ்டால் மட்டும் செய்தால் இணைப்புதான் போகும். டிக் செய்தால்தான் கிடங்கில் உள்ள பிரதியும் போகும்.

* நீக்கும் முன் மாற்று டிரைவர், போட்டோ, ரீஸ்டோர் பாயின்ட் மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

* எடை மேடையில் இண்டிகேட்டரை முதலில் பாருங்கள். டோக்கனில் 'இனிஷியலைஸ்' பக்கம் போகவே போகாதீர்கள்.

* தினமும் தொழில் நடக்கும் கம்ப்யூட்டர் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களின் நகல் உள்ள ஒரு பென் டிரைவும், ஒரு ஸ்பேர் கேபிளும் மேஜை டிராயரில் எப்போதும் இருக்கட்டும்.

வரிசையில் நிற்கும் லாரிக்காரருக்கு உள்ளே எந்த டிரைவர் கெட்டது என்பது தெரியாது. சீட்டு கைக்கு வந்தால்தான் அவர் கேட்டைத் தாண்ட முடியும். அந்த பென் டிரைவை இன்றைக்கே தயார் செய்துவிட்டால், அடுத்த முறை இந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.